ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள்

கடை திறக்கும் அவசரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு ஓடுகிற வணிகப் பெருமக்கள் நம்மில் அநேகர் உண்டு. வயிற்றில் பழகிய அதே இடத்தில் குத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அங்கே வலிப்பதும் இல்லை. ஆகவே அதுவே நல்ல இடம் என்றும் முடிவு செய்துகொள்கிறோம். வலிக்காததற்குக் காரணம் வேறு.

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு, கொழுப்பு சேரவும் துணை செய்யும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் போட்டு வந்தால் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு, ரப்பர் போன்ற மேடு உண்டாகிறது. அங்கே உணர்ச்சி மழுங்கிவிடும். மேட்டுக்குள் போன மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. ஒரு நாள் தங்கிவிடும். இன்னொரு நாள் சட்டென இறங்கும். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். மருந்துச் செலவும் கூடும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். யாரோ சொன்னார்கள் என்று திடீரென இடத்தை மாற்றி, கூட்டிய அளவையே நல்ல தோலில் போட்டால் முழு மருந்தும் வேலை செய்யும். சர்க்கரை படுவேகமாக இறங்கிவிடும். எனவே மேடு இருப்பதை டாக்டரிடம் காட்டி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்ட பிறகே இடம் மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் உண்டு. குளிக்கும்போது சோப்புக் கையால் தடவிப் பார்த்தால் அகப்படும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து வாரம் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊசிக்கும் ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். தொடையும் உகந்த இடமே. ஊசியைச் சிக்கனமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் மேட்டை வளர்க்கும். இந்தச் சிக்கனம் நமக்குக் கட்டுப்படியாகாது.

அளவு விஷயத்தில் எடைக்கல் பார்க்கும் கண் வேண்டும். நம் நாட்டில் 40 வீரியக் குப்பியும் கிடைக்கிறது, 100 வீரிய மருந்தும் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 வீரிய மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடம்பில் போவது 50 யூனிட்! மருந்துக் கடையில் வாங்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளிர்பானப் பெட்டியில் குப்பியை வைப்பவர்கள், ஐஸ் கட்டும் பகுதிக்கு அருகில் வைக்கவேண்டாம். உறைந்த இன்சுலின் உதவாது. திறந்த தேதியைக் குப்பி மேலேயே எழுதுங்கள். பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரம்தான் கணக்கு.

ஊசி போட்டாயிற்று, வாடிக்கையாளர் கூட்டம், சாப்பாடு தள்ளிப்போகிறது. பண்டிகைக் காலத்தில் இது சகஜம். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், பாக்கிச் சில்லறை எண்ணுவதில் குழப்பம் என்றால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்து, பிறகு சாப்பிடவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். குளுக்கோஸ் டப்பா கல்லாப்பெட்டியில் இருப்பதைக் கடைப் பையனிடமும் சொல்லி வையுங்கள்.