விறகு பிளக்கும் கோடாரி: கேட்டு விற்போம்

"ஒரு கோடாலி குடுங்க அண்ணாச்சி" என்று ஒருவர் கடைக்கு வந்து கேட்டால் நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம்? ஆணியில் முன்னால் தொங்குவதை. அல்லது நல்ல பளபளப்பாக இருப்பதை. எட்டயபுரத்தில் நாங்களும் பல வருடங்கள் அப்படித்தான் கொடுத்து வந்தோம். மரம் வெட்டும் கோடாரி வேறு, விறகு பிளக்கும் கோடாரி வேறு என்பதை விறகு வெட்டும் தொழிலாளர்களும் ஒரு கொல்லுப்பட்டறைக்காரரும்தான் எங்களுக்குப் புரிய வைத்தார்கள். மளிகையோடு இரும்புச் சாமானும் வைத்து விற்கும் வணிகப் பெருமக்களுக்கு அது உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

"எல்லார் வீட்டிலும் காஸ் வந்துவிட்டது, இனி விறகு ஏது, கோடாரி ஏது?" என்று சிலர் கேட்கலாம். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்து கிராமங்களிலும் சிலிண்டர் சேர்ந்தது உண்மைதான். ஆனாலும் வெந்நீர் அடுப்பு விறகில்தான் எரிகிறது. கல்யாணச் சமையலுக்கு விறகு வேண்டும். டீக்கடைகளிலும் ஓட்டல்களிலும் பலர் இன்னும் விறகை விடவில்லை. அதிலும் நம் கரிசல் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேல்தான். விளாத்திகுளம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குவது போக மிச்சம் விறகுக்குத்தான் வருகிறது. சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே கடைக்கு வந்து கயிறு, மண்வெட்டிக் காம்பு, கோடாரி என்று வாங்கிப் போவது இன்றும் நடக்கிறது.

1988-ல் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் தகப்பனார் கல்லாவில் இருந்த காலம். வெளியூர் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு வந்து, சிவப்புப் பெயிண்டு அடித்த கோடாரித் தலைகளைக் காட்டினார். விலை மற்றதைவிடக் கால்பங்கு குறைவு. இரண்டு மூட்டை கொள்முதல் செய்தோம். ஒரு மாதத்துக்குள் பதினோரு தலைகள் வாய் உடைந்து திரும்பி வந்தன. பன்னிரண்டாவது ஆள் கோடாரியோடு வரவில்லை. காலில் கட்டோடு வந்தார். காய்ந்த கருவேலங்கட்டையில் ஓங்கிப் போட்டதும் வாயில் ஒரு சில்லு தெறித்து முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. மூன்று வாரம் அவருக்கு வேலை இல்லை. தகப்பனார் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், மூன்று வாரக் கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். மீதிச் சரக்கைப் பழைய இரும்புக்குப் போட்டோம். அது அடித்துச் செய்த எஃகு இல்லை, வார்ப்பு இரும்பு. பெயிண்டு அதை மறைத்திருந்தது. கால்பங்கு லாபத்துக்கு ஆசைப்பட்டு முழு மூட்டையும் போயிற்று.

அதற்குப் பிறகு எந்தத் தலை வந்தாலும் நாங்கள் இரண்டு சோதனை செய்வோம். தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டினால் நல்ல எஃகு மணி போல நீண்டு ஒலிக்கும். 'டொக்' என்று அடங்கினால் உள்ளே விரிசலோ, மட்டமான வார்ப்போ இருக்கலாம் என்று ஒதுக்கி வைப்போம். அடுத்து, வாயில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் தோய்ச்சல் அதிகம், அது சில்லுத் தெறிக்கும். வெண்ணெய் போல வழிந்து வந்தால் தோய்ச்சலே இல்லை, நாலு கட்டையில் மடங்கிவிடும். அரம் லேசாகக் கடித்துப் போக வேண்டும். பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஏஜெண்டு முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி வெட்டுவதற்கும் பிளப்பதற்கும் உள்ள வித்தியாசம். நின்ற மரத்தை வெட்டும்போது நாரைக் குறுக்கே அறுக்கிறோம். அதற்கு மெல்லிய கன்னமும் கூரிய வாயும் உள்ள கோடாரி வேண்டும். விறகைப் பிளக்கும்போது நார் ஓடும் வாட்டத்திலேயே பிரிக்கிறோம். வாய் உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, கன்னம் இரண்டு பக்கமும் நெட்டித் தள்ள வேண்டும். ஆகவே வாயிலிருந்து கண்வரை ஆப்புப் போலத் தடித்து வரும் தலைதான் இதற்குப் பொருத்தம். மெல்லிய கோடாரியால் கட்டையைப் பிளக்கப் பார்த்தால் அது கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். அதை அசைத்து அசைத்துப் பிடுங்குவதிலேயே பாதி உழைப்பு போய்விடும். காம்பு முறிவதும் பெரும்பாலும் அப்படிப் பிடுங்கும்போதுதான். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு உலகமே பேர் சொல்லும். ஆனால் அதை வைத்துச் சுள்ளி நறுக்கலாமே தவிர, கட்டை பிளக்க முடியாது.

எடை எவ்வளவு என்று கேட்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோத் தலை பெரும்பாலோருக்குப் போதும். கனம் கூடினால் அடி பலமாக விழும் என்பது சரி. ஆனால் அடியின் பலம் கனத்தைவிட வேகத்தால்தான் அதிகம் ஏறும். கனம் இரட்டித்தால் பலம் இரண்டு மடங்கு, வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. மூன்று கிலோத் தலையை வாங்கிப்போய் பத்தாவது அடியிலேயே கை சோர்கிறவருக்கு அதனால் என்ன பயன்? வாங்க வந்தவரின் தோளைப் பாருங்கள். வீட்டுக்கு வெந்நீர் விறகு உடைக்கும் பெண்கள் கேட்டால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

என்ன கட்டை என்று கேட்பதும் அவசியம். சவுக்கு நேராக நார் ஓடுவது, தட்டினால் பிளக்கும். சீமைக்கருவேல் பச்சையில் பிளந்து காயப்போட்டால் வேலை எளிது. காய்ந்து இறுகிய பிறகு அது இரும்பு. புளியங்கட்டையும் வேம்பும் நார் பின்னிக் கிடக்கும். கணு உள்ள பெரிய முட்டாக இருந்தால் கோடாரியைக் காட்டி ஏமாற்றாமல், இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும் வாங்கச் சொல்ல வேண்டும். ஒரு ஆப்பு போதாது. அது கட்டைக்குள் சிக்கிக்கொண்டால் அதை எடுக்க இன்னொன்று வேண்டும். கட்டையின் தலையில் ஏற்கெனவே காய்ந்த வெடிப்பு இருந்தால் அந்த வெடிப்பிலேயே ஆப்பை வைக்க வேண்டும். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான் போல விரியும். அந்த விளிம்பைச் சாணையில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தெறித்துக் கண்ணில் படும். சிலர் கோடாரியையே ஆப்பாக வைத்து அதன் பின்புறத்தில் சம்மட்டியால் அடிப்பார்கள். கண் விரிந்து தலை கழன்றுவிடும். அப்படிக் கழன்று வந்ததை எங்களிடமே மாற்றிக் கேட்டவர்களும் உண்டு.

காம்புதான் நாம் மிகவும் அலட்சியமாக விற்கும் சாமான். தலையை எடை பார்த்து வாங்கிய மனிதர், காம்பைக் கட்டிலிருந்து ஒன்று உருவிக்கொண்டு போய்விடுவார். நாட்டுக் கருவேலங்காம்பு நல்ல உறுதி, அதிர்ச்சியும் தாங்கும். ஆனால் எந்த மரமாக இருந்தாலும் ரேகை காம்பின் நீளவாட்டில் முழுவதும் ஓடியிருக்க வேண்டும். பாதியில் ரேகை பக்கவாட்டில் இறங்கி வெளியே போனால் அந்த இடத்தில்தான் முறியும். கணு இருந்தாலும் அப்படியே. வார்னிஷ் பூசிய காம்பில் இதெல்லாம் தெரியாது, ஆகவே பூசாத காம்பே வாங்குங்கள். நீளம் இரண்டரை அடி முதல் மூன்றடி. குட்டையான காம்பு பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். குறி தவறினால் குட்டைக் காம்புதான் காலை நோக்கி வரும். நீளக் காம்பு தரையில் இறங்கிவிடும். கட்டையை ஒரு அடிமுட்டின் மேல் வைத்துப் பிளந்தால் தவறிய அடியும் முட்டிலேயே இறங்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

காம்பை மாட்டும் விதமும் இரண்டு. பிக்காஸ் போல மேலிருந்து செருகும் கண்ணாக இருந்தால் வீசும்போது தலை தானே இறுகும். கீழிருந்து செருகும் கண்ணுக்குச் சக்கை அடிக்காமல் கொடுக்கவே கூடாது. கண்ணின் மேல்வாய் கொஞ்சம் அகன்றிருந்தால்தான் சக்கை அடித்த காம்பு அதில் விரிந்து பிடிக்கும். வாங்கும்போதே விரலை விட்டுப் பார்க்கலாம். தலை ஆடினால் தண்ணீர் வாளியில் ஊறப்போடுவது நம் ஊர் வழக்கம். அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், ஏனென்றால் ஊறியபோது நசுங்கிய மரம் மறுபடி பழைய அளவுக்கு வராது. சக்கையை எடுத்துவிட்டுப் புதுச் சக்கை அடிப்பதுதான் வழி. எங்கள் கடையில் சக்கை இலவசம். வாங்குகிறவர் எதிரிலேயே அடித்து, தலையைக் கீழே தொங்கவிட்டு நாலு குலுக்குக் குலுக்கிக் காட்டித்தான் கொடுக்கிறோம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது. சந்தை நாளில் ஐந்து நிமிடம் பெரிதுதான். ஆனால் மூன்று வாரக் கூலியை ஒருமுறை எண்ணிக் கொடுத்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

பில் போடும்போது ஒரு கவனம். கோடாரியும் மரம் பிளக்கும் ஆப்பும் விவசாயக் கைக்கருவிகளோடு 8201 தலைப்பில் வருவதால் ஜி.எஸ்.டி. கிடையாது. சுத்தியும் சம்மட்டியும் 8205-ல் வருகின்றன, அவற்றுக்கு வரி உண்டு. 'கோடாரி செட்' என்று ஒரே வரியில் எழுதினால் ஆடிட்டரிடம் நிற்க வேண்டிவரும். தனித்தனி வரியில் எழுதிவிடுங்கள். காம்புக் கட்டைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கயிற்றில் படுக்கையாகக் கட்டித் தொங்கவிட்டால் வளையாமல் இருக்கும். வெயில் படும் வாசலில் மட்டும் வேண்டாம்.