கையெழுத்துக்கு முன்னால் ஒரு கடைக் கதை

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வேலைக்குப் போவோம். சிலர் சொந்தமாக லேத் பட்டறையோ, மோட்டார் ரீவைண்டிங் கடையோ வைப்போம். இடம் பெரும்பாலும் வாடகைக்குத்தான் இருக்கும். அதனால் சின்ன ஊரில் ஒரு குடும்பம் நடத்திய கடையின் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

நியூபோர்ட் கடை

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நியூபோர்ட் என்று ஒரு சிற்றூர். 1945-இல் சாம் வால்டன் என்ற 27 வயது இளைஞர் அங்கே ஒரு சில்லறைச் சாமான் கடையை வாங்கினார். விலை 25,000 டாலர். அதில் 20,000 மாமனாரிடம் வாங்கிய கடன். மீதி அவரும் மனைவி ஹெலனும் சேர்த்த பணம்.

அவர் வியாபாரம் செய்த விதத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு டஜன் உள்ளாடையை இரண்டரை டாலருக்கு வாங்கி, ஒரு டாலருக்கு 3 என்று விற்றால் டஜனுக்கு ஒன்றரை டாலர் லாபம். வால்டன் வேறு இடத்தில் தேடிப்பிடித்து டஜன் 2 டாலருக்கு வாங்கினார். ஒரு டாலருக்கு 4 என்று விற்றார். லாபம் டஜனுக்கு ஒரு டாலராகக் குறைந்தது. ஆனால் சரக்கு பல மடங்கு ஓடியது. வாங்கும்போது ஆண்டுக்கு 72,000 டாலராக இருந்த விற்பனை, ஐந்தே வருடத்தில் 2,50,000 ஆயிற்று.

ஒரு வரி இல்லாத குறை

அப்போதுதான் இடி விழுந்தது. வாடகை ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குத்தான். முடிந்தபின் நீட்டித்துக்கொள்ளும் உரிமை அதில் எழுதப்படவில்லை. வாடகையே விற்பனையில் 5 சதவீதம். கட்டட உரிமையாளர், நன்றாக ஓடும் கடையைத் தன் மகனுக்கு வேண்டும் என்றார். சரக்குக்கு நியாயமான விலை கொடுத்தார். ஆனால் இடத்தைக் கொடுக்கவில்லை.

வால்டன் குடும்பம் 1950-இல் பென்டன்வில் என்ற இன்னும் சிறிய ஊருக்குப் போனது. அங்கே கடையை அகலப்படுத்தப் பக்கத்து முடிதிருத்தும் கடையின் இடமும் தேவைப்பட்டது. இந்த முறை அதற்கு 99 வருடக் குத்தகை! 1962-இல் ராஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட் திறந்தது. பின்னாளில் அதே நிறுவனம் வந்ததால் பல சிற்றூர்க் கடைகள் படுத்துவிட்டன என்ற குறையும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

எங்கள் வீட்டில்

என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருடம் ஒரே இடம். போன வருடம் இடத்துக்காரர், "காலி பண்ணிடுங்க" என்றார். முத்திரைத்தாளை எடுத்துப் பார்த்தேன். 11 மாத ஒப்பந்தம். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. "படிச்சுப் பாத்தீங்களாப்பா?" என்றேன். "எங்கே கையெழுத்துன்னு காட்டினாங்க, போட்டேன்" என்றார். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாதபோது வேறென்ன செய்வார்?

புது இடத்துக்கு நான் கூடப் போனேன். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தேன். ஐந்து வருடம் கேட்டோம், மூன்று கிடைத்தது. "நீயே படிடா, அப்புறம் போடறேன்" என்று அப்பா பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நாம் பார்க்க வேண்டியவை

1. எத்தனை வருடம்? முடிந்தபின் நீட்டிக்கும் உரிமை உண்டா?
2. வாடகை எப்போது, எவ்வளவு ஏறும்?
3. காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும்?
4. அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும்?
5. பதிவு ஆயிற்றா? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 11 மாதம் என்று எழுதும் வழக்கம் இதனால்தான் வந்தது. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

நண்பர்களே, வால்டன் கல்லூரிப் பட்டம் பெற்றவர். அவரே ஒரு வரியைக் கவனிக்காமல் ஐந்து வருட உழைப்பை விட்டுக்கொடுத்தார். நாம் டிராயிங்கில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் திரும்பப் போடுகிறோம். அதே கண்ணோடு பத்திரத்தையும் படிப்போம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுவோம்!