இருண்ட கதை படித்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

இளையோருக்கான மாயப் புனைவுகளில் பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) தனி உயரத்தில் நிற்கும் நாவல். கார்னகி பதக்கம் பெற்றது. 2007-இல், அதுவரை அந்தப் பதக்கம் பெற்ற நூல்களில் சிறந்தது எது என்று வாசகர்களிடம் வாக்கெடுத்தபோதும் இதுவே வென்றது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு இதைப் படித்தேன். அவர்கள் சொன்ன கருத்துகள் எனக்குச் சிலவற்றைக் கற்றுத்தந்தன.

நம் பயம் வேறு, அவர்கள் பயம் வேறு. கவசக் கரடிகள் மோதும் இடம் கொடூரமானது. தாடையே பிய்ந்து போகும். பெற்றோர் அதற்குத்தான் அஞ்சினார்கள். பிள்ளைகளோ அதை உற்சாகமாகக் கடந்துவிட்டார்கள். அவர்களை உலுக்கியது டோனி என்ற சிறுவன். இந்த நாவலின் உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் 'டீமன்' என்ற விலங்காக உடலுக்கு வெளியே, கூடவே வாழும். டோனியிடமிருந்து அதை வெட்டிப் பிரித்துவிடுகிறார்கள். அதன் இடத்தில் அவன் ஒரு கருவாட்டை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவன் இறந்ததும் அந்த மீனை யாரோ நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். கதையின் நாயகியான சிறுமி லைரா கொதித்தெழுகிறாள், ஒரு பொற்காசில் அவனுடைய டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் வைக்கிறாள். "அவளாவது கோபப்பட்டாளே!" என்றாள் ஒரு சிறுமி.

அன்றிலிருந்து புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ரத்தம் எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை. கொடுமையைக் கண்டு பதறும் ஒரு மனம் கதைக்குள் இருக்கிறதா என்றே பார்க்கிறேன்.

"பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள். "ம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சே?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு தானாகக் கிளம்பும்.

மூடி வைத்தால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் பிள்ளை புத்தகத்தையே வெறுக்கும். கையெட்டும் இடத்தில் வைத்தால் போதும்.

சண்டை போடட்டும். இந்த நாவலின் முடிவு ஏமாற்றிவிட்டது என்றான் ஒருவன். வேறு எப்படி முடித்தாலும் பொய்யாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் தங்கள் கட்சிக்கான பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். முன்பு மேலோட்டமாகப் புரட்டிய அத்தியாயத்தை இருவரும் வரிவரியாகப் படித்தார்கள்.

இத்தனைக்கும் முதலில், நீங்கள் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்திருக்க வேண்டும். பிள்ளை எந்தப் பக்கத்தில் கலங்கி நின்றாலும், அங்கே அவனோடு பேச ஓர் ஆள் வேண்டும்.