பெட்டியில் வருவது பாதி லேத்துதான்

கோவையில் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு மினி லேத் வாங்கலாமா ஐயா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். தாராளமாக வாங்குங்கள். மாடல் நீராவி இன்ஜின் செய்ய ஆசைப்படுகிறவர், பழைய மோட்டார் சைக்கிளுக்கு புஷ் கடைய நினைக்கிறவர், கேமரா ஸ்டாண்டுக்குத் திருகு வேண்டும் என்கிறவர், எல்லோருக்கும் அது உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். விலை குறைந்த லேத்தில் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்தது ஃபிட்டரின் நேரத்தை. அந்த நேரத்தை நீங்கள் போட்டால்தான் அது லேத் ஆகும். போடத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதி மெஷினுக்கு, பாதி சாமான்களுக்கு. லேத்தோடு பெரும்பாலும் 80 மி.மீ. த்ரீ-ஜா சக் ஒன்று வரும். அது போக ஃபோர்-ஜா சக், டிரில் சக், ரிவால்விங் சென்டர், மேக்னட் ஸ்டாண்டோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், டூலைச் சாணை பிடிக்க ஒரு பெஞ்ச் கிரைண்டர் எல்லாம் வேண்டும். முழுப் பணத்தையும் மெஷினில் கொட்டியவர்கள் ஆறு மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. 7×12, 7×14 என்று விற்பார்கள். 7 அங்குலம் என்பது பெட்டுக்கு மேல் சுழலக்கூடிய விட்டம், ஏறக்குறைய 180 மி.மீ. கிராஸ் ஸ்லைடுக்கு மேல் வந்தால் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும். 12, 14 என்பது இரண்டு சென்டர்களுக்கு நடுவில் உள்ள நீளம். இந்தப் பக்கம் சக், அந்தப் பக்கம் டிரில் சக்கும் டிரில் பிட்டும் மாட்டிய பிறகு அதில் பாதிகூட மிஞ்சாது. ஆகவே விட்டத்தைவிட நீளத்தைப் பாருங்கள். 350 மி.மீ. கிடைத்தால் 250-ஐ வாங்காதீர்கள்.

3. நிறத்தையும் பெயரையும் பார்த்து மயங்க வேண்டாம். உலகம் முழுக்கப் பல பெயர்களில் விற்கும் இந்த வகை லேத்துகள் சீனாவின் சில தொழிற்சாலைகளிலிருந்து வருபவைதான். ஷாங்காயின் சீக் நிறுவனம் அவற்றில் பெயர் பெற்றது. விற்பவரிடம் கேட்க வேண்டியது வேறு: வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் போர்டு தனியாகக் கிடைக்குமா? ஹெட்ஸ்டாக்குக்குள் இருக்கும் கியர் பிளாஸ்டிக்கா, இரும்பா? பிளாஸ்டிக் என்றால் உதிரி உண்டா? பிரஷ் மோட்டார் வேகத்தைக் குறைக்கும்போது இழுவையும் இழந்துவிடும். பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்போகாது. லீடு ஸ்க்ரூ மெட்ரிக்காக இருக்கட்டும். நம் ஊரில் வாங்கும் போல்ட் நட்டெல்லாம் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில்தானே இருக்கிறது.

4. பழைய லேத் மலிவாகக் கிடைக்கிறதா? ராஜ்கோட்டிலும் பட்டாலாவிலும் செய்த கெட்டியான மெஷின்கள் பட்டறைகளிலிருந்து விலைக்கு வருவதுண்டு. தரைத்தளத்தில் இடமிருந்தால் யோசியுங்கள். டூலைத் தாங்கும் கேரேஜைச் சக்குக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். பிறகு பெட்டின் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே இறுகி, இங்கே ஆடினால் பெட் தேய்ந்துவிட்டது. வேண்டாம்.

5. 7×12 மெஷின் 40 கிலோ அளவில் இருக்கும். இரண்டு பேர் பெட்டைப் பிடித்துத் தூக்குங்கள். லீடு ஸ்க்ரூவையோ கைப்பிடிகளையோ பிடிக்கக் கூடாது. மேஜை சமதளமாக இல்லாவிட்டால், போல்டை இறுக்கும்போது பெட்டே முறுக்கிக்கொள்ளும். எர்த் சரியாக இருக்கும் பிளக்கில் மட்டும் சொருகுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது நல்லது. இன்னொரு சோதனையும் அவசியம். சக்கில் எதுவும் மாட்டாமல் லேத்தை ஓடவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் போடுங்கள். லேத் தானாக ஓடத் தொடங்கினால், கரன்ட் போய் வரும் நம் ஊரில் அது ஆபத்து. கரன்ட் திரும்பினாலும் தானாக ஓடாத வகை சுவிட்சை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.

6. வந்த அன்றே எதையும் கடையாதீர்கள். துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கெட்டியான கிரீஸ் மெஷின் முழுக்க அப்பியிருக்கும். அதற்குள் இரும்புத் தூளும் வார்ப்பு மணலும் இருக்கலாம். கேரேஜ், கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் மூன்றையும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படமெடுத்து வைத்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். ஓரங்களில் விரலைக் கிழிக்கும் பிசிறு இருந்தால் நைஸ் அரத்தால் நீவிவிட்டு, துடைத்து, எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

7. ஜிப், அதாவது ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டையை, அவசரமில்லாமல் வையுங்கள். பாதி குறை இங்கேதான் தீரும். ஸ்லைடின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் செட் ஸ்க்ரூக்கள் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லாக் நட். எல்லா நட்டையும் தளர்த்துங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஸ்க்ரூவை ஆலன் கீயால் மெல்லத் திருகிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். கனம் கூடுவது கைக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது நட்டை இறுக்கினால் ஸ்க்ரூவும் கூடவே சுற்றிவிடும். அதனால் ஆலன் கீயை அசையாமல் பிடித்தபடி ஸ்பேனரால் நட்டை முறுக்க வேண்டும். அடுத்த ஸ்க்ரூவை வைத்ததும் முதலாவது மாறியிருக்கும். திரும்பப் போய்ப் பாருங்கள். ஸ்லைடு கடைசிவரை ஒரே கனத்தில் போய்வர வேண்டும். பிறகு டயல் கேஜை ஸ்லைடின் பக்கவாட்டில் வைத்து, கையால் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். முள் 0.02 மி.மீட்டருக்கு மேல் ஆடினால் மறுபடி முதலிலிருந்து. கேரேஜுக்கு அடியில் பெட்டைப் பிடிக்கும் இரண்டு தட்டுகளையும் இதே பொறுமையோடு வையுங்கள். ஸ்க்ரூவில் நிற்காவிட்டால் மெல்லிய ஷிம் வைத்து இறுக்கலாம். கடையும்போது கரகரவென்று சத்தம் வந்து ஜாப்பில் அலை அலையாகக் கோடு விழுந்தால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் இந்த ஸ்க்ரூக்களைப் பாருங்கள்.

8. அடுத்தது நேர் பார்ப்பது. 25 மி.மீ. அலுமினிய ராடைச் சக்கில் பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டாம். நடுப்பகுதியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இரு முனைகளிலும் விட்ட இரண்டு வளையங்களையும் டூலை மாற்றாமல் ஒரே வெட்டில் லேசாகக் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டினால் ஹெட்ஸ்டாக் நேராக இருக்கிறது. காட்டாவிட்டால் முதலில் மேஜை போல்டுகளைத் தளர்த்திப் பாருங்கள், ஹெட்ஸ்டாக்கைத் தொடுவது அதற்கப்புறம். டெயில்ஸ்டாக்குக்கு எளிய வழி உண்டு. ஸ்பிண்டிலில் ஒரு சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு சென்டர். இரண்டு கூர்களுக்கும் நடுவே 6 அங்குல ஸ்டீல் ஸ்கேலை லேசாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைக் கொண்டு விலகலைக் கண்டுபிடித்துவிடலாம்.

9. கார்பைடு டூல் மீது ஆசை வரும். முதலில் 8 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைச் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சின்ன மெஷினுக்குக் கூரான முனைதான் தோது, ஹெச்.எஸ்.எஸ்.ஸில் அதை நீங்களே கொண்டுவரலாம். டூலின் உயரத்தைச் சரிபார்க்க ஃபேசிங் போடுங்கள், அதாவது ராடின் முகப்பைக் கடையுங்கள். நடுவில் மொட்டு மிஞ்சினால் உயரம் தவறு. டூலுக்கு அடியில் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள்.

10. பித்தளை, அலுமினியம், பிறகு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்), இந்த வரிசையில் போங்கள். பழைய இரும்புக் கடையில் ராடு துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியையும், எதிலிருந்து வந்தது என்று தெரியாத ஆக்ஸிலையும் விட்டுவிடுங்கள், டூல் போய்விடும். 20 மி.மீ. எம்.எஸ்.ஸுக்கு ஹெச்.எஸ்.எஸ். டூலில் நிமிடத்துக்கு 400 சுற்று போதும். ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர் ஆழம் எடுங்கள். டயலில் 0.1 ஏற்றினால் விட்டத்தில் 0.2 குறையும் லேத்துகள்தான் பல. உங்களுடையது எப்படி என்று வெட்டி அளந்து தெரிந்துகொள்ளுங்கள். பார்ட்டிங், அதாவது கடைந்ததைத் துண்டாக வெட்டி எடுப்பது, கடைசியில் கற்க வேண்டிய பாடம். சக்கை ஒட்டி, கேரேஜை லாக் செய்து, மெதுவாகப் போடுங்கள்.

11. முதல் ஜாப் எதுவென்று குழம்ப வேண்டாம். லேத்துக்கே செய்யுங்கள். கேரேஜை லாக் செய்ய ஒரு திருகு, டெயில்ஸ்டாக்கில் டையைப் பிடிக்க ஒரு ஹோல்டர், தளர்ந்த தட்டுகளுக்குப் பதில் புதியவை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி தன் திருகு வெட்டும் லேத்தில், கையிலிருந்த லீடு ஸ்க்ரூவை வைத்து அதைவிடத் துல்லியமான லீடு ஸ்க்ரூவை வெட்டினார். தன்னைத் திருத்திக்கொள்ளத் தானே உதவும் மெஷின் இது. அந்த மகிழ்ச்சியைக் கடையில் வாங்க முடியாது. ஒவ்வொருவரும் அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

12. சக் கீயிலிருந்து கையை எடுக்கும்போது கீயும் சக்கிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கையுறை, மோதிரம், கயிறு, துப்பட்டா, லுங்கி, முழுக்கைச் சட்டை எதுவும் லேத்துக்குப் பக்கத்தில் கூடாது, தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சுருளாக வரும் சிப்ஸைக் கையால் இழுக்காதீர்கள், கத்தியைவிடக் கூர். மெஷினை நிறுத்திவிட்டு, கொக்கிக் கம்பியால் எடுங்கள். சின்ன மெஷின்தானே என்று நினைக்க வேண்டாம். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒரு விரலை முறிக்கப் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சக் கீயைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.