இணைக்கும் சொல்

நுழையும்முன்

படித்த செய்திகளை நினைவில் நிறுத்துவது ஒரு திறன். அவற்றுக்கிடையே உள்ள உறவை உணர்வது மற்றொரு திறன். இரண்டாவது திறனை வளர்க்கத் துணைபுரிவது கருத்து வரைபடம். அதனை இன்று இணையத்திலேயே வரைய இயலும்.

பட்டியலும் வினாவும்

பெரம்பலூர் மாவட்டத்தில், சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை அமைந்துள்ளது. அதனைப் பற்றி ஒரு மாணவி குறிப்பெடுப்பதாகக் கொள்வோம். 17ஆம் நூற்றாண்டு, கல் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி, கர்நாடக நவாபு, 1751ஆம் ஆண்டுப் போர் எனக் குறிப்புகள் நீள்கின்றன. ஒவ்வொன்றும் சரியானதே. ஆயினும், ‘போர் இப்பகுதியில் ஏன் மூண்டது?’ என்னும் வினாவுக்கு அப்பட்டியலில் விடையில்லை.

முறையின் தோற்றம்

குழந்தைகளின் அறிவியல் புரிதல் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் ஆராய்ந்தனர். நேர்காணல்களில் வெளிப்பட்ட புரிதலைச் சுருக்கிக் காட்ட, 1972இல் அவர்கள் கண்ட வழியே கருத்து வரைபடம். முன்னரே அறிந்ததோடு இணையும்போதுதான் புதிய செய்தி பொருளுடையதாகிறது என்னும் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை இதற்கு அடிப்படையாகும்.

இவ்வரைபடத்தில் கருத்துகள் கட்டங்களில் இடம்பெறும். கட்டங்களைக் கோடுகள் இணைக்கும். ஒவ்வொரு கோட்டின்மீதும் ஓர் இணைப்புச்சொல் எழுதப்படும். கட்டம், சொல், கட்டம் என வாசித்தால் முழுமையான தொடர் கிடைக்க வேண்டும்.

கோட்டையிலிருந்து ஆற்காடு வரை

மாணவி மீண்டும் தொடங்குகிறார். ‘முகமது அலி’ என்னும் கட்டத்தையும் ‘திருச்சிராப்பள்ளி’ என்னும் கட்டத்தையும் ‘தங்கியிருந்த இடம்’ என்பது இணைக்கிறது. ‘சந்தா சாகிப்’ கட்டத்திலிருந்து அதே ஊருக்குச் செல்லும் கோட்டில் ‘கைப்பற்ற முனைந்தார்’ என எழுதுகிறார். முன்னவரை ஆங்கிலேயரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் ‘ஆதரித்தனர்’. ரஞ்சன்குடியும் அருகிலுள்ள வாலிகண்டபுரமும் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ‘வழியில் உள்ளன’. வினாவுக்கு விடை புலப்படுகிறது. அதே ஆண்டில் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியதற்கும் ஒரு கோடு நீள்கிறது. அதில் ‘முற்றுகையைத் தளர்த்த’ என்னும் சொற்கள் அமைகின்றன.

கருவியின் பயனும் எல்லையும்

‘சிமேப்’ போன்ற மென்பொருள்களில் கட்டங்களை எளிதில் இடம் மாற்றலாம். படங்களையும் இணைய இணைப்புகளையும் சேர்க்கலாம். வெவ்வேறு ஊர்களில் உள்ள மாணவர்கள் ஒரே வரைபடத்தில் ஒருங்கே பணியாற்றலாம். தாளில் எழுதி அழிக்கத் தயங்குபவரும் திரையில் துணிந்து திருத்துவர். ஆனால், சொல்லில்லாக் கோடு உறவை உணர்த்தாது. பிறர் வரைந்ததைப் படியெடுப்பது, பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு ஒப்பாகும். எச்சொல் பொருந்தும் எனத் தடுமாறும் இடமே, நாம் இன்னும் புரிந்துகொள்ளாத இடம். அதனைக் காட்டிக்கொடுப்பதே இவ்வரைபடத்தின் முதற்பயன். கணினி இல்லாத இடத்தில், வெற்றுத்தாளும் எழுதுகோலும் அப்பயனைத் தரும்.

கற்பவை கற்றபின்…

1. நெய்தல் திணையின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றைக் கட்டங்களில் எழுதுக. ‘கடல்’, ‘இரங்கல்’ ஆகிய இரண்டையும் இணைக்கும் சொல்லைக் குழுவில் கலந்துரையாடித் தேர்ந்தெடுக்க.

2. உங்கள் ஊரிலுள்ள தொன்மைச் சின்னம் ஒன்றுக்குக் கருத்து வரைபடம் வரைக. இணைப்புச்சொல் கிடைக்காத கோடுகளை வினாக்களாக மாற்றி, ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிக.