ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் போதும்

கேள்வி: வேலை மாற்றலாகி வான்கூவருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஸ்டான்லி பார்க்கில் ‘பிட்ச் அண்ட் பட்’ ஆடலாம் வா என்று ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தவிர நான் எதுவும் ஆடியதில்லை. கோல்ஃப் என்றாலே காலர் வைத்த சட்டை, மெம்பர்ஷிப், தோளில் பெரிய பை என்றுதான் மனதில் வருகிறது. என் மனைவியும் வரலாமா என்று கேட்கிறாள். அவள் எந்த மட்டையையும் கையால் தொட்டதில்லை. போனால் மானம் போகுமா? முன்கூட்டியே எதையாவது வாங்க வேண்டுமா?
– வாசகர், வான்கூவர்

பதில்: இரண்டு பேரும் போங்கள். எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் பயப்படுகிற கோல்ஃப் வேறு. இது மாநகரப் பூங்கா வாரியம் நடத்தும் பொது மைதானம். காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். ஜீன்ஸும் பழைய ஷூவும் போதும். கிளப்பை அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். வாரியத்துக்கு இதே மாதிரி குயின் எலிசபெத் பார்க்கிலும் ரூபர்ட் பார்க்கிலும் மைதானங்கள் உண்டு.

ஸ்டான்லி பார்க்கில் 18 குழிகள், எல்லாமே பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியவை. எந்தக் குழியும் ஏறக்குறைய நூறு கஜத்துக்கு மேல் போகாது. சர்வதேச ஆண்கள் கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிறு 65 முதல் 90 கஜத்துக்குள் இருக்கும் அல்லவா? அப்படியானால் இங்கே மிக நீளமான குழிகூட ஒரு நல்ல சிக்ஸருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு வரும் சிக்கலும் அந்த சிக்ஸர் ஆசையால்தான். பந்து மேலே போக வேண்டும் என்றதும் கை தானாக அதைத் தூக்கப் பார்க்கும். தூக்காதீர்கள். வெட்ஜ் என்கிற கிளப்பின் முகம் ஏற்கெனவே 45 டிகிரி அளவில் சாய்ந்திருக்கிறது. தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை கீழ்நோக்கி அடிப்பது: முதலில் பந்து, அடுத்து புல். மணிக்கட்டை மடக்கித் தூக்கப் போனால் கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் நடு வயிற்றில் படும். பந்து தரையோடு சீறி, குழியைச் சுற்றியுள்ள கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விடும். அந்த மைதானத்தைச் சுற்றியிருப்பது சாதாரணப் புதர் இல்லை. டெட் கிரெய்க், மேரி கிரெய்க் தம்பதியின் பெயரால் அமைந்த ரோடோடெண்ட்ரான் தோட்டம். ஆயிரக்கணக்கான செடிகள். மே மாதத் தொடக்கத்தில் பூத்துத் தள்ளும்போது பார்க்க இரண்டு கண் போதாது, ஆனால் வெள்ளைப் பந்தைத் தேட அதைவிட மோசமான இடமும் கிடையாது. கோல்ஃப் விதிப்படி தேட மூன்று நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு பந்தைப் போடுங்கள்.

உங்கள் பழைய பழக்கத்தில் நல்லதும் இருக்கிறது. வலக்கை பேட்ஸ்மேன் என்றால் இடது கை மேலே, வலது கை கீழே; இங்கும் அப்படியே. எடை முன்காலில் இருக்கட்டும். பந்து போன பிறகு தலையைத் தூக்கினால் போதும். ஐம்பது கஜத்துக்குக் கை இடுப்பு வரை பின்னால் போனால் போதும், எண்பதுக்குத் தோள் வரை. அதற்கு மேல் சுழற்றினால் அது வீராப்பு.

பார் 3 என்று சொன்னேன் அல்லவா? அந்த மூன்று எப்படி வருகிறது? கிரீனுக்கு அனுப்ப ஒரு அடி, அங்கிருந்து குழிக்குள் தள்ள இரண்டு பட். பதினெட்டுக் குழிக்கு மொத்தம் 54. அதில் 36, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, பட்டிங்! பெரிய மைதானத்தின் பார் 72-இலும் பட் அதே 36தான், ஆனால் அங்கே அது பாதி. பிட்ச் அண்ட் பட்டில் தோள்பலம் உள்ளவனை நிதானம் உள்ளவன் சுலபமாக ஜெயிப்பது இதனால்தான். உங்கள் மனைவிக்கு மட்டை பிடித்த பழக்கம் இல்லை என்பது பட்டிங்கில் குறையே இல்லை; கெட்ட பழக்கமும் இல்லை என்று அர்த்தம். ஆட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய், குழியைக் குறி வைக்காமல் பத்தடி, இருபதடி தூரத்துக்குப் பந்தை உருட்டிப் பாருங்கள். திசையைவிட வேகம்தான் முக்கியம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வேகம் சரியாக இருந்தால் ஓரத்தில் பட்டுகூட உள்ளே விழும். அதிகமானால் நடுவில் போனாலும் தாண்டிவிடும். கொடிக்கம்பை எடுக்க வேண்டியதும் இல்லை. 2019-இல் மாறிய விதி அதை அப்படியே விட்டு பட் அடிக்க அனுமதிக்கிறது.

இதைத் தனி விளையாட்டாகவே வளர்த்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். சர்வதேச விதியில் ஒரு குழியின் அதிகபட்ச நீளம் 90 மீட்டர். ஒருவர் பட்டரையும் சேர்த்து மூன்று கிளப்புக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. போட்டிக்காரர்களுக்கே மூன்று என்றால் உங்களுக்கு இரண்டு தாராளம்.

மானம் போகுமா என்று கேட்டீர்கள். மோசமாக ஆடுவதால் போகாது. முதல் நாள் 90 எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னால் வருகிறவர்களைக் காக்க வைத்தால்தான் முகம் சுளிப்பார்கள். ஆறு அடியில் குழி முடியவில்லையா, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடங்கள். யார் தயாரோ அவர் அடிக்கட்டும், முறை பார்க்க வேண்டாம். கிரீனில் நின்றுகொண்டு கணக்கு எழுதாதீர்கள். பந்து விழுந்து கிரீனில் பள்ளம் ஆனால் ஓரத்து மண்ணை நடுவுக்குத் தள்ளிச் சமமாக்குங்கள். அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்காதீர்கள். உங்கள் பந்து யார் பக்கமாவது போனால் கூச்சப்படாமல் “ஃபோர்!” என்று கத்துங்கள். இங்கே குழிகள் நெருக்கம் என்பதால் இது மரியாதை மட்டுமல்ல, மண்டையைக் காப்பாற்றும் வேலையும்கூட.

நான்கு பேர் என்றால் தனித்தனியாக ஆட வேண்டாம் என்பது என் யோசனை. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ‘ஸ்க்ராம்பிள்’ ஆடுங்கள். ஜோடியில் இருவரும் அடிப்பார்கள். நல்ல இடத்தில் விழுந்த பந்தை வைத்துக்கொண்டு, அங்கிருந்து மீண்டும் இருவரும் அடிப்பார்கள். கோல்ஃப் தெரிந்த நண்பரோடு உங்களில் ஒருவர், அடுத்தவரோடு மற்றவர். கணவனும் மனைவியும் ஒரே ஜோடியில் சேர வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். தோற்ற ஜோடி காபி வாங்கித் தரட்டும்.

ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குத் தொடங்கினாலும் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். வார இறுதிக் கூட்டத்தைவிட அதுவே மேல். அக்டோபருக்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து ஏரியிலிருந்து வாத்துக் கூட்டம் புல்வெளிக்கு வந்து விட்டுப் போகிற அன்பளிப்புகளுக்காகவும்தான் பழைய ஷூ என்றேன்.

சொந்தமாக கிளப் வாங்குவதை ஒரு கோடை முழுக்க ஆடிவிட்டு யோசியுங்கள். அப்போதும் முதலில் வாங்க வேண்டியது பட்டர்தான்.