அலுவலகத்திலிருந்து ஆட்டுப்பட்டிக்கு: ஒருங்கிணைந்த செம்மறிப் பண்ணை – முழுமையான வழிகாட்டி

மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் ஓடுகின்றன. ஆட்டுக்கு அந்த மாதக் கணக்கு கிடையாது. பெட்டை சினைபிடித்து ஈன 5 மாதம். குட்டி விலைக்கு நிற்க இன்னும் 6 மாதம். வேலையை உதறிவிட்டு வருகிறவர் கையில் காசில்லாமல் தடுமாறுவது இந்த 11 மாத இடைவெளியில்தான். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் தீவனம், பிறகு ஆடு, ஓர் ஈத்து கைக்கு வந்த பின்பே ராஜினாமா. மேற்குத் தமிழ்நாட்டின் மானாவாரி நிலத்தையும் மேச்சேரி ஆட்டையும் வைத்துச் சொல்கிறேன்.

## படி 1: வேலையில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உண்டு. மேச்சேரி இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பாடம் கேட்டுவிட்டு, விடுமுறை நாட்களில் ஒரு மேய்ப்பரோடு நடங்கள். பல் பார்த்து வயது சொல்வது, இமையை விலக்கிச் சோகை பார்ப்பது, குளம்பு வெட்டுவது, ஈற்றுக்குத் துணை நிற்பது ஆகிய நான்கும் கை பழகினால்தான் வரும்.

குடும்பச் செலவுக்கு 18 மாதப் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வருங்கால வைப்பு நிதி முழுவதையும் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள்.

## படி 2: தீவனம் முதலில்

வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். 20 ஆட்டுக்கு நாளைக்கு 80 கிலோ, ஆண்டுக்கு 29 டன். பாசனமுள்ள ஓர் ஏக்கரில் பாதிக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், மீதிக்கு வேலிமசால், வரப்போரம் அகத்தி என்று வைத்தால் புல்லும் புரதமும் சேர்ந்து கிடைக்கும். ஆடு வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே நட்டுவிடுங்கள். சோளப் பயிரை இளசாகவோ, தண்ணீரின்றி வாடிய நிலையிலோ போடக்கூடாது. அதிலுள்ள நஞ்சு ஆட்டைக் கொல்லும்.

பாசனம் இல்லாதவர்கள் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழையை மட்டும் நம்பிய இந்த மேய்ச்சல் நிலம் தலைமுறைகளாக ஆட்டையும் மாட்டையும் காத்துவருகிறது. உங்கள் நிலத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

## படி 3: 20 பெட்டை, 1 கிடா

அந்தந்த மண்ணின் இனமே நிற்கும். சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிக்கு மேச்சேரி. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் சென்னைச் சிவப்பு. தெற்கே வேம்பூர், கீழக்கரிசல். சந்தையில் மொத்தமாகப் பிடிப்பதைவிட, தெரிந்த பட்டியில் இரண்டு பல் போட்ட, ஓர் ஈத்து கண்ட ஆடுகளை வாங்குங்கள். கிடாவை வேறொரு பட்டியிலிருந்து கொண்டுவாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லையென்றால் அது தன் குட்டிகளோடே சேர்ந்து வாரிசு நலிந்துபோகும்.

நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதால், ஊரில் பெற்றோரோ மேய்ப்பரோ ஆட்டைப் பார்த்துக்கொண்டால்தான் இது நடக்கும். மேய்ப்பருக்குக் கூலியோடு குட்டியிலும் பங்கு கொடுங்கள். தன் குட்டியும் மந்தையில் நிற்கும்போது அவர் கண் ஓயாது.

## படி 4: எளிய கொட்டகை

ஆட்டுக்கு 12 சதுர அடி, வெளியே உலாவ அதைப்போல் இரு மடங்கு. 20 ஆட்டுக்கு 240 சதுர அடிக் கூரை போதும். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேட்டு நிலம், ஈரம் தங்காத தரை, நாய் நுழையாத வேலி ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

## படி 5: முதல் ஆண்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள்

20 பெட்டையில் 18 ஈன்று, 2 குட்டி தவறியது என்று வைத்துக்கொள்வோம். மீதி 16இல் பாதி பெட்டை. அவற்றை விற்காமல் மந்தையில் சேர்க்க வேண்டும். விற்பனைக்கு 8 கிடாக்குட்டி. 6 மாதத்தில் தலைக்கு 15 கிலோ என்றால் மொத்தம் 120 கிலோ உயிர் எடை. உங்கள் சந்தை விலையால் பெருக்கிப் பாருங்கள். இது உங்கள் ஒரு மாதச் சம்பளத்தையே எட்டாமல் போகலாம். மனம் சோர வேண்டாம். இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து எடுக்க முடியும். மந்தை பெருகப் பெருகத்தான் வருமானம் நிமிரும்.

## படி 6: மழைக்கு முன் தடுப்பூசி

துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு, ஆட்டம்மை ஆகியவற்றுக்கான தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நீலநாக்கு நோயைப் பரப்புவது சிறு கொசு போன்ற பூச்சி. அது பெருகுவது வடகிழக்குப் பருவமழையில். ஊசி அதற்கு முன்பே போட்டாக வேண்டும். குடற்புழு மருந்தைச் சாணப் பரிசோதனைக்குப் பிறகே கொடுங்கள்; கண்டபடி கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.

## படி 7: இடைவெளியை நிரப்பும் துணை வருமானம்

ஒருங்கிணைந்த பண்ணை என்பதன் பொருள், 11 மாதக் காத்திருப்பில் வீட்டுக்கு வாராவாரம் ஏதோ ஒன்று வருவது. நாட்டுக்கோழி உண்ணியையும் சாணத்துப் புழுவையும் பொறுக்கும், முட்டையும் தரும். ஆனால் கோழித் தீவனம் ஆட்டு வாய்க்குப் போகக்கூடாது. அதில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம், செம்மறிக்கு அது தாங்காது. அறுவடை முடிந்த பக்கத்துக் காடுகளில் கிடை போட்டால் கிடைக் கூலி கிடைக்கும். ஆட்டு எரு, புல் கரணை, முருங்கை, அகத்திக் கீரை எல்லாம் காசாகும்.

## படி 8: விற்பதும் வேலையை விடுவதும்

எடை போட்டு விற்கப் பழகுங்கள். ஆடித் திருவிழா, தீபாவளி, பக்ரீத் நாட்களுக்கு ஏற்ப இணைசேர்ப்பைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தேசியக் கால்நடை இயக்கம் 100 பெட்டை, 5 கிடாவில் தொடங்கும் பண்ணைகளுக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. அதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மானியத்துக்காக மந்தையைப் பெருக்கினால் தீவனம் பின்தங்கிவிடும்.

ஒரு கோடையைத் தீவனத் தட்டுப்பாடு இல்லாமல் கடந்து, ஒரு மழைக்காலத்தில் மந்தையைக் காப்பாற்றி, உங்கள் பட்டியில் பிறந்த குட்டிகளை நீங்களே விற்று வாருங்கள். அந்தப் பணத்தை எண்ணிய கையால் ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். அப்போது அந்தக் கை நடுங்காது.